அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக ஓடியவள்: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் மாணவி 2009இல் பிறந்தவள். வடகொழும்பில், கொட்டாஞ்சேனையை அண்டிய தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் படிக்கிறாள். 2022இல், தரம் 8 படிக்கும்போது, எங்கள் 4×100 மீற்றர் அஞ்சலோட்ட அணியில் மூன்றாவதாக ஓடினாள். மூன்றாவது ஆள் வளைவில் ஓட வேண்டும். கோலை வாங்கவும் தெரிய வேண்டும், கொடுக்கவும் தெரிய வேண்டும். அவளுக்கு இரண்டும் கைவந்திருந்தன. அடுத்த ஆண்டு, தரம் 9இன் இடைநடுவில், மாலைப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் உடற்கல்விப் பாடவேளையிலும் வெளியே இறங்காமல், வகுப்பறையில் கணிதக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு ஒரே பதில்தான்: "எனக்கு இப்ப பிடிக்கல மிஸ்."

நான் அந்தப் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளையையும் வீட்டாரையும் யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவளும் தாயும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். எழுத வேண்டிய அவசியம் இதுதான்: "பிடிக்கவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் நாங்கள் பதிவேட்டில் "ஆர்வமின்மை" என்று எழுதுகிறோம், அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இவளுடைய விஷயத்தில் அந்தப் பிடிக்காமை எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன். விளையாட வேண்டாம் என்று அவளிடம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அப்பா சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, டியூஷன் ஆசிரியரும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் விலகிவிட்டாள். யாரும் தடுக்காமலே ஒரு பிள்ளை வெளியே போய்விடும் இந்த வழியைத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீடும் வழியும்

அப்பாவின் பூர்வீகம் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். இளவயதில் கொழும்புக்கு வந்து, இப்போது புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நிற்கிறார். காலையில் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு. அம்மா வீட்டிலிருந்தே பாடசாலைச் சீருடையும் சட்டையும் தைத்துக் கொடுக்கிறார். கூடவே அப்பாயி. இரண்டு வயது இளைய தம்பி ஒருவன்.

முன்பு அவர்கள் இருந்தது கொட்டாஞ்சேனையிலேயே ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான நகரக் குடியிருப்பில். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவில் ஒடுங்கிய ஒழுங்கை, பொதுக் குழாய். வசதி குறைவு. ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடியதெல்லாம் அந்த ஒழுங்கையில்தான். அம்மாமார் வாசலில் அரிசி களைந்தபடியே ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கிடைத்து முகத்துவாரம் பக்கம் மாறினார்கள். சொந்தக் குழாய், சொந்தக் கழிவறை, கதவைப் பூட்டினால் யாரும் எட்டிப்பார்க்க முடியாத வீடு. அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாம் மாடியிலிருந்து கீழே விளையாடும் பிள்ளையை ஒரு கண்ணால் பார்க்க முடியாது. மின்தூக்கியில் யார் கூட வருவார்கள் என்றும் தெரியாது. ஒழுங்கையில் தன்பாட்டில் நடந்த விளையாட்டு, இப்போது அனுமதி கேட்டுப் போக வேண்டிய ஒன்றாகிவிட்டது. பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையில் கால்நடையாக 25 நிமிடத் தூரம் வந்து விழுந்தது.

இவள் விளையாட்டை விடுவதற்கு முன்பே இந்தப் பிள்ளைகளின் காலம் உடைந்து உடைந்துதான் வந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது இவள் தரம் 5, புலமைப்பரிசில் ஆண்டு. அந்த ஆலயம் இவர்கள் வாழும் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறது. அதன் பிறகு பல மாதங்களுக்குப் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப் போவதும் கூட்டி வருவதுமே பெற்றோரின் முழுநேர வேலையாக இருந்தது. 2020இலும் 2021இலும் கொரோனா. 2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் மறுபடி பாடசாலைகளை மூடினார்கள். தரம் 6, 7 இரண்டையும் இவள் பெரும்பாலும் எட்டாம் மாடியில், அப்பாவின் கைப்பேசித் திரைக்கு முன்னால் கழித்தாள். பெரியபிள்ளையானதும் அந்தக் காலத்தில்தான். பதினொரு வயதில் மைதானத்தை விட்டுப் போன பிள்ளைகள் பதின்மூன்று வயதில் வேறோர் உடம்போடு திரும்பி வந்தார்கள். வழமையாக இந்த மாற்றம் தோழிகளுக்கு நடுவே, ஆளுக்கு ஒரு நேரத்தில், பேச்சும் சிரிப்புமாக நடக்கும். இவர்களுக்கு அது தனித்தனி அறைகளில் நடந்து முடிந்திருந்தது. 2022இல் முதல் நாள் மைதானத்தில் இறக்கியபோது பாதிப் பேர் கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

அப்படியும் இவள் ஓடினாள். அதை மறக்கக் கூடாது.

நால்வரில் இருவர்

எங்கள் பாடசாலைக்குச் சொந்த மைதானம் இல்லை. இருப்பது சீமெந்து முற்றம். ஓட்டப் பயிற்சிக்கு மாநகர சபை மைதானத்துக்கு நடந்து போக வேண்டும். பாடசாலை 1.30க்கு விடும். சாப்பிட்டு, உடை மாற்றி, போய்ச் சேர்ந்து பயிற்சி தொடங்க மூன்று மணி. முடிய ஐந்து. வீடு சேர ஐந்தரை தாண்டும்.

அஞ்சலோட்ட அணியில் நால்வர். அவர்களில் மூவர் முகத்துவாரம் திசையில் இருப்பவர்கள். பயிற்சி முடிந்ததும் ஒரே வழியால் நடப்பார்கள். வழியில் மாங்காய்த் துண்டு வாங்கி மிளகாய்த்தூள் போட்டுத் தின்பார்கள். இவளுடைய அப்பா பயிற்சிக்கு அனுமதித்தபோது இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். அவரே என்னிடம் சொன்னது: "விளையாடட்டும் மிஸ், நான் தடுக்கல. தனியா வரக் கூடாது, ஆறு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும். அவ்வளவுதான்." மகளின் படத்தைக் கடை முதலாளிக்குக் காட்டிய மனிதர் அவர். அவரைக் கட்டுப்பெட்டி என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

2023இன் தொடக்கத்தில், முதலாவதாக ஓடும் பிள்ளையின் வீட்டில் அவளைக் கணித வகுப்பில் சேர்த்தார்கள். தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது, இப்போதே தொடங்கினால்தான் ஆகும் என்ற எண்ணம். வகுப்பு பின்னேரம் மூன்று மணிக்கு, வாரத்தில் இரண்டு நாள். பயிற்சியும் அதே இரண்டு நாள். அவள் போனாள். அதற்குச் சில வாரங்களுக்குப் பின் கடைசியாக ஓடும் பிள்ளையின் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் புறப்பட்டார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பகுதியில் இது புதுமையான செய்தியே அல்ல. இரண்டு சின்னத் தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள, பதினான்கு வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதுமே வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இவர்கள் இருவரும்தான் எங்கள் மாணவியோடு வீட்டுக்கு நடந்தவர்கள்.

மாற்று வீராங்கனைகள் இருந்தார்கள். அணி கலையவில்லை. ஆனால் புதிதாக வந்த இருவரும் வேறு வழியால், புளூமெண்டால் பக்கம் போகிறவர்கள். இவள் முதல் நாள் தனியாக நடந்தாள், இரண்டாம் நாளும் தனியாக நடந்தாள். முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நின்றவர்கள் என்னவோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை அவள் என்னிடம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா பயிற்சியை மட்டுமல்ல, எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார் என்று பயந்திருக்கிறாள். இந்தப் பயம் இவள் ஒருத்தியுடையதும் அல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில், பேருந்திலும் புகையிரதத்திலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பஸ்ஸுக்குள்ளே இதுதான் நிலை என்றால், ஒழுங்கையில் நடக்கும் சிறுமியின் நிலையை யாரும் கணக்கெடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வாரம் "கால் வலிக்குது" என்றாள். பிறகு "பிடிக்கல" என்றாள்.

அப்பாவின் அனுமதியைச் சுமந்துகொண்டிருந்தவர்கள் அந்த இரண்டு தோழிகள். அவர்களே அது தெரியாமல் சுமந்தார்கள். ஒருத்தியின் டியூஷன் நேரம், இன்னொருத்தியின் தாயினுடைய வெளிநாட்டுப் பயணம் என்று மூன்றாவது பிள்ளைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு காரணங்களால் மூன்றாவது பிள்ளையின் ஓட்டம் நின்றது. அப்பாவின் நிபந்தனை மாறவே இல்லை. அதை நிறைவேற்றும் ஆட்கள்தான் இல்லாமல் போனார்கள்.

விளையாட்டுச் சமூகவியலில் பிள்ளையை விளையாட்டுக்குள் கொண்டுவரும், வெளியே தள்ளும் சக்திகளைக் குடும்பம், நண்பர்கள், பாடசாலை, ஊடகம், பண்பாடு, பொருளாதாரம் என்று பிரித்துப் படிப்போம். ஆசிரியர் பயிற்சியில் நானும் அப்படித்தான் படித்தேன். படிக்கவும் பரீட்சை எழுதவும் அந்தப் பிரிவு உதவும். கொட்டாஞ்சேனைத் தெருவில் அவை தனித்தனியாக நிற்பதில்லை. இங்கே "நண்பர்கள்" இருந்ததால்தான் "குடும்பம்" சம்மதித்தது. "பொருளாதாரம்" ஒரு தாயைக் குவைத்துக்கு அனுப்பியதால் வேறொரு வீட்டின் சம்மதம் காலாவதியானது. ஒரு பிள்ளை விலகும்போது அவளை மட்டும் கூப்பிட்டுக் காரணம் கேட்பதால் பாதிக் கதைகூட வெளியே வராது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கனவே இருந்தவை

வீட்டுக்குப் போய்ப் பேசியபோது வேறு பல காரணங்களும் வந்தன. அப்பாயி சொன்னார்: "வெயில்ல ஓடி ஓடி எம்புட்டு கறுத்துப் போச்சு பாருங்க டீச்சர். வயசுக்கு வந்த புள்ள." அம்மா சொன்னார்: "காச்சட்டையோட ரோட்டுல போறத பார்த்துட்டு மாடில ரெண்டு பேர் கேட்டுட்டாங்க மிஸ்." மாதவிலக்கு நாட்களில் மைதானத்தில் ஒழுங்கான கழிவறை இல்லை என்ற பிரச்சினையை அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஓட்டச் சப்பாத்து கடித்தது; புதுச் சோடி வாங்க அந்த மாதம் முடியாது.

எல்லாம் உண்மை. ஒன்றையும் நான் சிறிதாக்கவில்லை. ஆனால் இவற்றில் எதுவும் 2023இல் புதிதாக முளைத்தது அல்ல. அவள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 2022இலும் வெயில் அதே வெயில், காற்சட்டை அதே காற்சட்டை, மைதானத்தில் அப்போதும் கழிவறை இல்லை. அப்போது அவள் இவற்றைத் தாங்கினாள், ஏனென்றால் தாங்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து கறுத்தார்கள். மாதவிலக்கு நாளில் ஒருத்தி மறைத்து நிற்க மற்றவள் துணி மாற்றினாள். மூவராக நடக்கும்போது மாடிக்காரர்களின் பேச்சு மூன்றாகப் பிரிந்து விழுந்தது. தனியாக ஆனதும் முழுதும் ஒருத்தி தலையில். அதற்குப் பிறகு எல்லாப் பழைய விஷயங்களும் விலகுவதற்கான நியாயங்களாக மாறின. விலகிய பிள்ளையிடம் காரணம் கேட்டால் அவள் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் சொல்ல எளிதானதைச் சொல்வாள், அதிலும் கேட்பவர் ஏற்றுக்கொள்ளக்கூடியதைச் சொல்வாள்.

இதே கண்ணால் உலகக் கணக்கையும் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவைத் தொகுத்து 2019இல் வெளியிட்டதில், 11 முதல் 17 வயது வரையானவர்களில் 81 வீதமானோர் நாளுக்கு 60 நிமிட உடலியக்கம் என்ற அளவைத் தொடவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 வீதம், பெண்பிள்ளைகளில் 85 வீதம். 2001க்கும் 2016க்கும் இடையில் ஆண்பிள்ளைகளின் நிலை சற்றே முன்னேறியது, பெண்பிள்ளைகளின் நிலை அசையவில்லை. அத்தனை நாட்டிலும் பெண்பிள்ளைகள் பிறவியிலேயே சோம்பலானவர்கள் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். பிறகு ஏன் ஒரு வகுப்பறையில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்?

பாடசாலையின் பங்கு

இதில் எங்கள் பக்கமும் இருக்கிறது. இலங்கையில் தரம் 6 முதல் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் எல்லோருக்கும் உண்டு. தரம் 10இல் அது மூன்றாவது தொகுதித் தெரிவுப் பாடங்களில் ஒன்றாகிவிடும். தகவல் தொழில்நுட்பம், விவசாயம், மனைப்பொருளியல் போன்றவற்றோடு போட்டி போட வேண்டும். தெரிவு செய்யும் பிள்ளைகளில் பலர் "ஏ எடுக்க லேசு" என்பதற்காகவே எடுக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுத்தில்தான் நடக்கிறது; ஒரு தடவையும் ஓடாத பிள்ளை மிக உயர்ந்த பெறுபேறு எடுக்கலாம்.

தரம் 9 வரைக்கும் உள்ள பாடவேளைகளும் பத்திரமாக இல்லை. தவணைப் பரீட்சை நெருங்கினால் கணிதமும் விஞ்ஞானமும் முதலில் கைவைப்பது உடற்கல்விப் பாடவேளையில்தான். "மிஸ், இன்னைக்கு மட்டும் உங்க பீரியட்டைத் தாங்க" என்று கேட்கும் சக ஆசிரியர் கெட்டவர் அல்லர். அவருக்கும் பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடி. ஆனால் இதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எது கடன் கேட்கப்படுகிறது, எது ஒருபோதும் கேட்கப்படுவதில்லை என்பதிலிருந்து எதற்கு மதிப்பு என்று அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் மாணவி வகுப்பறையில் கணிதக் கொப்பியோடு உட்கார்ந்தபோது அவளை யாரும் கேள்வி கேட்கவில்லை. கணிதம் செய்யும் பிள்ளையை எந்தப் பாடசாலை எழுப்பி வெளியே அனுப்பும்? விலகுவதற்கு இதைவிட மரியாதையான வழி அவளுக்குக் கிடைத்திருக்காது.

தம்பி

அதே வீட்டில் தம்பி இருக்கிறான். அவன் ஓட்டக்காரன் இல்லை. ரப்பர் பந்துக் கிரிக்கெட், கொஞ்சம் உதைபந்து. பின்னேரம் நான்கு மணிக்குக் கீழே இறங்கினால் இருட்டும் வரை வாகனத் தரிப்பிடத்தில் விளையாடுவான். அவன் கறுத்துப் போவதைப் பற்றி அப்பாயி பேசுவதில்லை. அவனுக்கும் டியூஷன் உண்டு, ஆனால் வகுப்பு முடிந்த பிறகும் அவனுக்கு ஒரு மாலை மிச்சம் இருக்கிறது. அக்காவுக்கு அந்த மிச்சத்தில் பாத்திரமும், அம்மாவின் தையலுக்குப் பொத்தான் வைப்பதும்.

இதை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவன் ஆம்புளப் புள்ள மிஸ்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, தானும் நாவலப்பிட்டியில் படிக்கும்போது நீளம் பாய்ந்ததாகவும், தரம் 8இல் விட்டதாகவும் சொன்னார். மகளுக்கு அது அன்றுவரை தெரியாது.

ஆண்பிள்ளைகளின் விளையாட்டைச் சுற்றி இந்த நாடு ஒரு பெரிய வழக்கத்தையே கட்டி வைத்திருக்கிறது. றோயல், தோமியர் கல்லூரிகளின் கிரிக்கெட் சமர் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் போட்டி 1904இலிருந்து. பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து பறந்து வருகிறார்கள், வீதியில் பவனி, கொடி, பாண்ட் வாத்தியம். கழகங்களும் அப்படியே. தமிழ் யூனியன் கழகம் 1899இல் தொடங்கியது. சிங்களிஸ் விளையாட்டுக் கழகமும் அதே ஆண்டு. கொழும்பின் கனவான்கள் தங்கள் தங்கள் சமூகத்தின் பெயரில் ஆளுக்கொரு கழகம் அமைத்துக்கொண்ட காலம் அது. தமிழ் யூனியனின் பொரளை மைதானத்தில்தான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. பெருமைப்பட வேண்டிய வரலாறு, எனக்கும் பெருமைதான். ஆனால் ஐந்தாம் குறுக்குத் தெருவில் மூட்டை எண்ணும் ஒருவரின் மகளுக்கு அந்தப் படலையால் உள்ளே போக எந்தக் காலத்திலும் வழி இருந்ததில்லை. வசதியானவர்கள் வாழும் கொழும்பு 7இல் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து நீச்சல் தடாகத்தில் விட்டு, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போகும் பெற்றோருக்கு எங்கள் மாணவியின் பிரச்சினையே தோன்றாது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்டியூ, ஒருவர் எந்த விளையாட்டை விரும்புகிறார் என்பதே அவருடைய வர்க்க நிலையிலிருந்து உருவாகிறது என்று வாதிட்டார். எங்கள் ஊரில் அதை இன்னும் எளிமையாகப் பார்க்கலாம்: பயிற்சி முடிந்து பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டால் போதும்.

பொது இடம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்ற எண்ணம் இந்த நகரத்துக்குப் புதிதும் அல்ல. காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக இதைப் பேணுமாறு தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்தார். அவர் மனதில் இருந்தவர்கள் யார் என்பது வேறு கதை. இன்று ஞாயிறு மாலை எங்கள் பகுதிக் குடும்பங்களும் அங்கே பட்டம் விடப் போகின்றன. வேலைநாளில், முகத்துவாரத்தில், நடக்கும் தூரத்தில் அப்படி ஓர் இடம் இவளுக்கு இல்லை.

முன்மாதிரி பற்றி

"தர்ஜினியைப் பாருங்கள்" என்று பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை வலைப்பந்தாட்ட அணியைத் தாங்கிய தர்ஜினி சிவலிங்கம், 2009, 2018, 2022 ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடியவர். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், அவர் மீது அன்பும் உண்டு. ஆனால் இந்த மாணவி சொன்னது: "அவங்க அவ்வளவு உயரம் மிஸ். நான் எங்க?" தர்ஜினியின் உயரம் 2 மீற்றரைத் தாண்டும். தன்னைப் போன்றவர் என்று நினைக்கக்கூடிய ஒருவர் செய்வதைப் பார்க்கும்போதுதான் "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கை வளர்கிறது என்பது உளவியலாளர் அல்பேர்ட் பண்டூராவின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. இவளுக்கு அப்படிப்பட்ட ஆள், அதே அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் இருந்த தரம் 11 அக்கா ஒருத்தி. குண்டு எறிதலில் பங்குபற்றியவள். அந்த அக்கா பரீட்சைக்காக நிறுத்திய பிறகு, இவள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மைதானத்துக்குப் போகிற பெண் ஒருத்தியும் இல்லை.

வேறு இரண்டு பிள்ளைகள்

இதே வகுப்பில் ஒரு முஸ்லிம் மாணவி. தலையை மூடி, நீளக் காற்சட்டையும் நீளக் கையும் போட்டுக் கூடைப்பந்து ஆடுகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இவளுடைய வீட்டில்தான் தடை அதிகம் இருக்கும் என்று எண்ணுவார்கள். அப்படியில்லை. மூத்த சகோதரி ஆடியிருக்கிறாள், வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டுபவர், பயிற்சி முடியும் நேரம் வந்து ஏற்றிப் போவார். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் தலைமறைப்புத் தடையை நீக்கியதை அவர்தான் எனக்குச் சொன்னார். உடையைப் பற்றிய கேள்வி அந்த வீட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது, போக்குவரத்தும் தீர்ந்திருந்தது.

மற்றவன் ஒரு பையன். உடம்பு கனத்தவன். மேலே எழுதியதைப் படித்தால் ஆண்பிள்ளைகளுக்கு எல்லா வாசலும் திறந்திருக்கிறது என்று தோன்றலாம்; அதை இவன் திருத்துகிறான். இரண்டு கப்டன்கள் மாறி மாறி ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுபவன் எப்போதும் அவன். "அவனை நீ வச்சுக்க" என்று கப்டன்மார் பேசிக்கொள்வது அவன் காதில் விழும்படிதான் நடக்கும். உடற்கல்வி நாளில் வயிற்றுவலி வரத் தொடங்கியது. ஆள் பிரிக்கும் அந்த வழக்கத்தை என் வகுப்புகளில் முற்றாக நிறுத்திவிட்டேன். பெயர்ப்பட்டியலை வைத்து நானே பிரிக்கிறேன். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இப்போது அவன் மேசைப்பந்து ஆடுகிறான். வயிற்றுவலி பற்றிய கடிதங்கள் நின்றுவிட்டன.

செய்தவையும் கிடைத்தவையும்

மாணவியிடம் "திரும்பி வா" என்று கெஞ்சுவதையோ, அப்பாவிடம் பெண் விடுதலை பேசுவதையோ நாங்கள் செய்யவில்லை. அப்பாவின் நிபந்தனை நியாயமானது என்று ஏற்றுக்கொண்டு, அதை நிறைவேற்ற என்ன வேண்டும் என்று பார்த்தோம். அதிபரும் வகுப்பாசிரியரும் துணை நின்றார்கள்.

முதலில் பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளைகள் எல்லோருடைய வீட்டு வழியையும் எழுதினோம். யார் எந்தத் திசை, யாரோடு நடக்கிறாள், எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், டியூஷன் எந்த நாள். வேகத்தையும் உயரத்தையும் பதிந்து வைத்திருந்த எங்களிடம் இந்த விவரம் ஒன்றுகூட இருந்ததில்லை. எழுதிப் பார்த்ததும் முகத்துவாரம் திசையில் தரம் 7 முதல் 10 வரை ஆறு பிள்ளைகள் இருப்பது தெரிந்தது. அவர்கள் வேறு வேறு விளையாட்டுகளில், வேறு வேறு நாட்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒரே நாளுக்கு மாற்றினோம்.

அடுத்தது நேரம். மாநகர சபை மைதானத்துக்குப் போனால் ஐந்தரைக்கு முன் வீடு சேர முடியாது. ஆகவே வாரத்தில் ஒரு நாள் பயிற்சியைப் பாடசாலையின் சீமெந்து முற்றத்திலேயே, விட்டதும் 1.45க்குத் தொடங்கி 2.45க்கு முடிப்பதாக வைத்தோம். சீமெந்தில் வேக ஓட்டம் ஓட முடியாது, முழங்கால் போய்விடும். அதனால் அது வலைப்பந்தாட்டமாக மாறியது. வலைப்பந்தில் ஏழு பேர், குழுவில் பன்னிரண்டு பேர். ஒருத்தி வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும். அஞ்சலோட்டத்தில் அந்த வசதி இல்லை.

முழங்காலுக்குக் கீழே வரும் ட்ராக் பொட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக்கினோம். உடற்கல்வி அறையில் ஒரு பெட்டியில் சுகாதாரத் துவாய்கள் வைத்தோம், யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம். கணித டியூஷன் நடத்தும் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். ஒரு நாளின் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். தனக்கு மூன்று பாடசாலைப் பிள்ளைகள் வருகிறார்கள், முடியாது என்றார். நியாயம்தான். ஆகவே நாங்கள் நாளை மாற்றினோம்.

2024இல் மாணவி திரும்பினாள், வலைப்பந்தாட்டத்துக்கு. கோல் காப்பாளராக நிற்கிறாள். வளைவில் ஓடிய கால் எதிரணிக்காரியைத் துரத்தப் பயன்படுகிறது. ஓட்டத்துக்குத் திரும்பவில்லை. திரும்புவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த வயதில் இழந்த இரண்டு பருவங்களை வேக ஓட்டத்தில் ஈடுகட்டுவது கடினம். முதலாவதாக ஓடியவள் டியூஷன் இல்லாத நாளில் வருகிறாள். தரம் 10இல் எங்கள் மாணவி தெரிவு செய்தது தகவல் தொழில்நுட்பம். அது அவளுடைய வேலைவாய்ப்புக்கு நல்லது. ஆனால் அத்தோடு அவளுடைய நேர அட்டவணையில் உடற்கல்வி என்ற சொல்லே இல்லாமல் போய்விட்டது. வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மிச்சம்.

கடைசியாக ஓடிய பிள்ளையின் தாய் இன்னும் குவைத்தில் இருக்கிறார். அவளுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு வா, முற்றத்து ஓரத்தில் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தோம். இரண்டு தடவை வந்தாள். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த பிறகு வரவில்லை. பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம் தம்பி தங்கைமாரைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும், பொறுப்பாக ஒரு தாயும் வேண்டும் என்று பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடுப்பனவு யார் தருவது என்ற இடத்தில் அது நிற்கிறது. வெளிநாடு போன தாய்மாரின் மூத்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர் எங்கள் பாடசாலையில் இருக்கிறார்கள் என்று வகுப்பு வாரியாக எழுதும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். தரம் 6இலிருந்து எழுதுகிறோம், ஏனென்றால் விலகல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.